கம்பியில் ஒரு மெட்டு, காதில் ஒரு மெட்டு

தமிழில் 'மெட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வீணையின் தண்டி மேல் மெழுகில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கட்டை மெட்டு. பாட்டிலிருந்து வார்த்தைகளை எடுத்துவிட்டால் மிஞ்சி நிற்கும் இசையும் மெட்டு. கிட்டார்காரர்கள் ஃப்ரெட் என்று சொல்வது முதலில் சொன்ன மெட்டை. வாத்தியார் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து இசை கற்கிறவருக்கு இந்த இரண்டில் எது முதலில் வசப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் அமைகிறது. கம்பிக்கு அடியில் இருக்கும் மெட்டில் தொடங்குவது ஒரு வழி. காதில் இருக்கும் மெட்டில் தொடங்குவது இன்னொரு வழி. முன்னதைக் கார்ட் வழி என்றும் பின்னதைச் சுர வழி என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சமயத்தில் நடந்ததைப் பார்த்தவன் நான். ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் 'கானாம்ருத போதினி'யை மடியில் விரித்து, சரளி வரிசை பாடிக்கொண்டிருப்பாள். பின்கட்டில் நான் பழைய கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு, கார்ட் படங்கள் அச்சிட்ட மெல்லிய புத்தகத்தைப் பார்த்து விரலை வளைத்துக்கொண்டிருப்பேன். இருவருக்கும் குரு கிடையாது. அதனாலேயே இந்த ஒப்பீடு சாத்தியமாகிறது. நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டால் எந்த வழியின் குறையும் வெளியே தெரியாமல் அவர் அடைத்துவிடுவார். ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் ஒரு வழி தானாக எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பது தெரியும்.

ராணிப்பேட்டையை இதற்குப் பொருத்தமான ஊர் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே வாலாஜாபேட்டை. தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் வாழ்ந்து, குருவின் கீர்த்தனைகளை எழுதிக் காத்த ஊர் அது. கர்நாடக இசையை எந்த மாற்றமும் செய்யாத சாதாரண கிட்டாரிலேயே மேடையேற்றிய 'கிட்டார்' பிரசன்னா ராணிப்பேட்டைக்காரர். 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்த வட்டாரமெங்கும் தேவாலயங்களையும் பள்ளிகளையும் வைத்தது. அந்தத் தேவாலயங்களில் மேலைநாட்டு ராகமெட்டில் பாமாலையும், ராகமும் தாளமும் குறித்த கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இங்கே வளரும் பிள்ளையின் காதில் இரண்டு இசையும் சிறுவயதிலேயே விழுந்துவிடுகின்றன. அந்தக் காதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி எது என்பதே கேள்வி.

முதல் மாதம்

கார்ட் வழி சீக்கிரம் பலன் தரும். ஜி, சி, டி என்று மூன்று கார்ட் பழகினால் போதும். முதல் வாரம் விரல் நுனி எரியும். இரண்டாம் வாரம் தோல் காய்த்துவிடும். மூன்றாம் வாரம் யாராவது பாடினால் கூட வாசிக்கலாம். இந்த மூன்று கார்ட் இவ்வளவு பாட்டுக்கு ஈடுகொடுப்பது எப்படி என்பதற்குச் சுர மொழியில் எளிய விளக்கம் இருக்கிறது. ஜி-யைச் சட்ஜமாக வைத்தால், ஜி கார்டில் இருப்பது ச, க, ப. சி கார்டில் ம, த, ச. டி கார்டில் ப, நி, ரி. மூன்றையும் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரமும் வந்துவிடுகின்றன. அந்த மேளத்தில் (தாய் ராகத்தில்) அமைந்த மெட்டு எங்கே திரும்பினாலும் அதைத் தாங்க ஒரு கார்ட் கையில் இருக்கிறது.

சுர வழியில் முதல் வாரம் சட்ஜம் மட்டும். பிறகு ச-ப-ச. அதன் பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம். பாட்டு என்று சொல்லிக்கொள்ளத்தக்க முதல் உருப்படியான கீதம் வருவதற்கே மாதங்கள் ஆகும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டார் வந்தால் பாடிக்காட்ட அக்காவிடம் ஒன்றும் இருக்காது. நான் அதற்குள் மூன்று சினிமாப் பாட்டு வாசித்துவிட்டேன்.

வீட்டில் தனியாகக் கற்கிறவரை நிலைக்க வைப்பது ஆசைதான். அந்த ஆசைக்குத் தீனி போடுவதில் கார்ட் வழிக்கு ஈடு இல்லை. சரளி வரிசையிலேயே கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தெருவும் அறியும். முதல் மாதத்தைப் பொறுத்தவரை கார்ட் வழிக்கே வெற்றி என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

மெழுகில் நிற்பதும் கட்டையில் இறுகியதும்

இனிக் கருவிக்கு வருவோம். வீணையில் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. அவை கருமெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நாளாக ஆக மெழுகு இளகும், மெட்டு சற்றே நகரும். அப்போது கைதேர்ந்தவர் ஒருவர் வந்து மெழுகைச் சூடாக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி நிறுத்துவார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். எந்த மெட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது.

கிட்டாரில் அந்தத் தீர்மானத்தைக் கணக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டு படியாக்கி, ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு உயரும்படி ஃப்ரெட்டுகளை அடித்துவிடுகிறார்கள். கம்பியின் நீளம் 65 செ.மீ. என்றால் முதல் ஃப்ரெட் ஏறக்குறைய 3.65 செ.மீ. தூரத்தில் வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 32.5 செ.மீ.-இல் வரும். ஃப்ரெட்டுகள் மேலே போகப்போக நெருங்கிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம். ராணிப்பேட்டையில் வாங்கினாலும் ரஷ்யாவில் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

தனியாகக் கற்கிறவருக்கு இது பெரிய உதவி. கம்பியை ஒழுங்காகக் கூட்டி வைத்துவிட்டால் விரல் வைத்த இடத்தில் சுரம் தயாராக நிற்கிறது. பாடுகிறவருக்கு அந்த உதவி கிடையாது. தொண்டையில் மெட்டு ஏது? ஒவ்வொரு முறையும் காதைக்கொண்டு தானே கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இந்த உதவியிலேயே ஒரு நஷ்டமும் இருக்கிறது. சுரம் தயாராகக் கிடைப்பதால் அதைத் தேடும் வேலை காதுக்கு இல்லாமல் போகிறது. ஒரு வருடம் கிட்டார் வாசித்தவரிடம் கருவி இல்லாமல் ஒரு சங்கராபரண ஆரோகணம் பாடச் சொல்லிப் பாருங்கள். பலர் காந்தாரத்தில் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன்.

அந்தக் காந்தாரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. தம்புராவின் மந்தர சட்ஜத்தை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாக எழும். கிட்டாரின் காந்தாரம் அதே காந்தாரம் இல்லை. அரைச்சுரம் ஒன்றை நூறு பங்காக்கினால், கிட்டாரின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சுமார் 14 பங்கு தூக்கலாக இருக்கும். சி கார்ட் தேனாக இனிக்கும் வரை கம்பியை முறுக்கி வைத்தால், அடுத்து ஈ கார்ட் பிடிக்கும்போது கரகரக்கும். எத்தனையோ நாள் என் கிட்டார் மட்டமானது என்று நினைத்துக் கம்பியை மாற்றிப் பார்த்தேன். எல்லாக் கார்டுக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காகக் கிட்டார் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதனாலேயே எந்தக் கட்டையிலும் அதை வாசிக்க முடிகிறது. தம்புரா ஒரு சட்ஜத்துக்கு முழு விசுவாசமாக இருப்பதால் அந்த ஒன்றில் அப்பழுக்கில்லாமல் நிற்கிறது. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் இரண்டு இசையையும் அளக்க ஒரே அளவுகோலைத் தூக்கமாட்டோம்.

கரண்ட் போன இரவு

இந்த இரண்டு வழியும் எங்கள் வீட்டில் நேருக்கு நேர் சந்தித்தது ஒரு இரவில். சாதகம் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஸ்ருதிப் பெட்டி நின்றது. அக்கா பாட்டை நிறுத்தாமல் கூப்பிட்டாள்: "டேய், அந்தக் கிட்டாரை எடுத்துட்டு வா. எனக்கு அஞ்சு கட்டை சட்ஜம் வேணும்."

ஐந்து கட்டை என்றால் ஜி. கிட்டாரின் மூன்றாவது கம்பியை எந்த ஃப்ரெட்டும் அழுத்தாமல் மீட்டினால் வருவது அதே ஜி. அதற்கு மேலே இருக்கும் நான்காவது கம்பி டி, அதாவது அவளுடைய மந்தர பஞ்சமம். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் மந்தர சட்ஜம். நான்காவது கம்பி ஒரு முறை, மூன்றாவது இரண்டு முறை, ஆறாவது ஒரு முறை: ப, ச, ச, ச. தம்புரா மீட்டும் வரிசை அப்படியே கிட்டாரில் கிடைத்துவிட்டது. இருட்டில் அக்கா சரளி வரிசையைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஆசை வந்தது. சட்ஜம் மட்டும் எதற்கு, கார்டே போடலாமே என்று ஜி பிடித்தேன், பொருந்தியது. சி-க்கு மாறினேன், அவள் தைவதமும் என் கார்டும் முட்டிக்கொண்டன. டி பிடித்தேன், ரிஷபம் முட்டியது. "என்னமோ தப்பா இருக்கு" என்றாள். அவள் பக்கம் தப்பில்லை. மூன்று கார்டில் எல்லாப் பாட்டும் அடங்கும் என்று நான் நம்பியிருந்த விதிதான் தப்பு.

கார்டை விட்டுவிட்டு, அவள் பாடும் ஒவ்வொரு சுரத்தையும் மூன்றாவது கம்பியிலேயே தேடினேன். சட்ஜம் வெறும் கம்பி. ரிஷபம் முதல் ஃப்ரெட். காந்தாரம் நான்கு. மத்யமம் ஐந்து. பஞ்சமம் ஏழு. தைவதம் எட்டு. நிஷாதம் பதினொன்று. மேல் சட்ஜம் பன்னிரண்டு. 0, 1, 4, 5. பிறகு 7, 8, 11, 12. முதல் பாதியை ஏழு ஃப்ரெட் தள்ளி வைத்தால் இரண்டாம் பாதி. ச-ரி-க-ம பாடத் தெரிந்தால் ப-த-நி-ச தானே வந்துவிடும். ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளையை ஏன் வைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணத்தை என் விரலே எனக்குச் சொன்னது.

கார்ட் முட்டியதற்கும் விடை அதே கம்பியில் இருந்தது. என் சி கார்டில் இருந்தது சதுஸ்ருதி தைவதம். அவள் பாடியது சுத்த தைவதம். என் டி கார்டில் சதுஸ்ருதி ரிஷபம்; அவளுடையது சுத்த ரிஷபம். சி-க்குப் பதிலாக சி மைனர் பிடித்தால் ம, சுத்த த, ச கிடைக்கிறது, பொருந்துகிறது. நான்காவது ஃப்ரெட்டில் பார் கார்டாக ஏ ஃப்ளாட் பிடித்தால் சுத்த ரி, ம, சுத்த த கிடைக்கிறது, அதுவும் பொருந்துகிறது. கார்ட் என்பது ஒரு மேளத்தின் சுரங்களிலிருந்து பொறுக்கி அடுக்கியது, மேளம் மாறினால் கார்டும் மாறியே ஆக வேண்டும் என்ற பாடத்தை எந்தப் புத்தகத்தாலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

எழுதி வைத்தது எதற்காக

வீட்டில் கற்கிறவருக்கு எழுத்துதான் வாத்தியார். ஆகவே இரண்டு வழியும் எதை எழுதுகின்றன என்று பார்க்க வேண்டும்.

கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் டேப் முறையில் ஆறு கோடு ஆறு கம்பி. கோட்டின் மேல் எழுதிய எண் ஃப்ரெட்டின் எண். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். வருவது என்ன சுரம் என்று சொல்லாது. சுர எழுத்து இதற்கு நேர்மாறு. ச, ரி, க என்று சுரத்தைச் சொல்லும். மேலே புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்தர ஸ்தாயி. எங்கே கை வைப்பது என்பதைப் பாடுகிறவரிடமும் வாசிக்கிறவரிடமும் விட்டுவிடும். டேப்பை வைத்துக் கற்ற பாட்டை வேறு கட்டைக்கு மாற்றச் சொன்னால் எல்லா எண்ணும் மாறும். சுரத்தில் கற்ற பாட்டை எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் ஓர் எழுத்துகூட மாறாது. எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போவைக் கிட்டாரில் மாட்டுகிறவர் இதையே செய்கிறார். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி சி வடிவம் பிடித்தால் டி ஒலிக்கிறது. ஒரு கட்டை ஸ்ருதியிலிருந்து இரண்டு கட்டைக்கு நகர்ந்துவிட்டோம், விரல் பிடிமானம் மாறவில்லை. கேப்போ மாட்டத் தெரிந்தவருக்கு ஸ்ருதி என்ற கருத்து ஏற்கெனவே பாதி புரிந்துவிட்டது.

இந்த எழுத்து விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. வேங்கடரமண பாகவதர் (1781–1874) தியாகராஜரிடம் நேரில் கற்றவர். அவரும் அவர் வழியினரும் எழுதி வைத்த வாலாஜாபேட்டைச் சுவடிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதர் பாடிக்காட்டிய கீர்த்தனைகளை, சென்னையில் அரசுப் பணியில் இருந்த ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890-களில் ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் எழுதி அச்சிட்டார். நம் சங்கீதத்தை உலகம் முழுதும் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. வாலாஜாபேட்டைப் பாடம் பியானோக்காரரும் படிக்கும் எழுத்தில் அப்போதே ஏறிவிட்டது. பின்னர் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'க்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் முதலியாரும் ஒருவர். வெறும் சுரம் போதாது என்று தீட்சிதர் கமகங்களுக்கு, அதாவது சுரத்தின் அசைவுகளுக்கு, தனித்தனிக் குறியீடு அமைத்தார்.

இதில் வீட்டில் கற்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று. வேங்கடரமண பாகவதர் குருவின் வாயிலிருந்து கேட்டதை எழுதினார். காது முதலில் வாங்கியது. எழுத்து அதைக் காத்தது. நான் டேப் புத்தகத்தில் செய்தது தலைகீழ்: காது ஒருமுறைகூடக் கேட்காததை எழுத்திலிருந்து விரலுக்கு நேரே அனுப்பினேன். அப்படிப் போனது விரலோடு நின்றுவிட்டது. ஆறு மாதம் தொடாமல் இருந்தால் மறந்தும்விட்டது. அக்கா அப்போது பாடிய அலங்காரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் அதைப் புத்தகத்தில் படித்ததே இல்லை.

பெயர் வேறு, கணக்கு ஒன்று

இசைக் கோட்பாடு என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டு வழியிலும் அடிப்படை அதே பன்னிரண்டு ஸ்தானம்தான். கர்நாடக முறை அந்தப் பன்னிரண்டுக்குப் பதினாறு பெயர் வைத்து, வேங்கடமகி காட்டிய வழியில் 72 மேளங்களை முறையாக அடுக்கியிருக்கிறது. மேலை முறை அந்தப் பன்னிரண்டிலிருந்து முக்கியமாக மேஜர், மைனர் என்ற இரு குடும்பங்களை எடுத்து, அவற்றின் மேல் கார்ட்களை அடுக்கியிருக்கிறது. ஒன்று ஸ்கேல்களை விரிவாக ஆராய்ந்தது. மற்றது சேர்ந்தொலிக்கும் சுரங்களை ஆழமாக ஆராய்ந்தது.

மேஜர் ஸ்கேல் என்பது 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் சுரங்கள். இயற்கை மைனர் 20-ஆவது மேளமான நடபைரவி. ஹார்மோனிக் மைனர் 21-ஆவது மேளமான கீரவாணி. மேஜர் பென்டடானிக் என்று கிட்டார்காரர்கள் பழகுவது மோகனத்தின் ஆரோகண அவரோகணம். மோட்கள் என்ற பாடத்தில் பலர் திணறுவார்கள். அது கிரக பேதம் என்றால் பாதிப் பயம் போய்விடும். சங்கராபரணத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் கரகரப்பிரியா, அதுதான் டோரியன். காந்தாரத்தைக் கொண்டால் தோடி, அதுதான் ஃப்ரிஜியன். மத்யமத்தில் கல்யாணி, லிடியன். பஞ்சமத்தில் ஹரிகாம்போதி, மிக்ஸோலிடியன். தைவதத்தில் நடபைரவி, ஏயோலியன். நிஷாதத்தில் வரும் லோக்ரியனுக்குப் பஞ்சமம் இல்லை. ஆகவே மேளகர்த்தாவில் அதற்கு இடமில்லை. ஒரு பாலையின் (பழந்தமிழ் ஸ்கேலின்) நரம்பை இடம் மாற்றி இன்னொரு பாலையைப் பெறுவது சிலப்பதிகாரக் காலத்திலேயே நம்மிடம் இருந்த முறை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் பெயர் வைத்திருந்தோம்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஸ்கேல் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. ஃப்ரிஜியனை ஃப்ரெட் ஃப்ரெட்டாக வாசித்தால் தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவில்தான் தோடி இருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டுப் பட்டியலை வாசல் சாவி என்று கொள்ளலாம். அதுவே வீடு என்று கொள்ளக் கூடாது. முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்களைக் கிட்டார் பழகும் தமிழருக்கு முதல் பாடமாக நான் பரிந்துரைப்பது இதனால்தான். சங்கராபரணச் சுரங்களில் கமகம் இல்லாமல் நேராக நடப்பவை அவை. ஃப்ரெட்டிலும் பிழையில்லாமல் உட்காரும், கார்டும் பொருந்தும், சுரமாகப் பாடவும் வரும். இரண்டு வழியும் கைகோக்கும் இடம் அது.

தாளத்தில் ஒப்பீடு சுருக்கமானது. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறவர், ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு சுரம் என்று கையால் போட்டே பழகுகிறார். கிட்டார்காரர் குவார்ட்டர், எய்த், சிக்ஸ்டீன்த் என்று மெட்ரோனோம் வைத்துப் பழகுவதும் அதேதான். ஆனால் கார்ட் புத்தகத்தை மட்டும் நம்புகிறவர்கள் பெரும்பாலும் மெட்ரோனோம் பக்கமே போவதில்லை. ஸ்ட்ரம்மிங் ஓடிக்கொண்டிருக்கும், கார்ட் மாற்றும்போது தாளம் தயங்கும். தொடையில் தட்டிக்கொண்டே பாடுகிறவருக்கு அந்தத் தயக்கம் உடனே தெரிந்துவிடும். இந்த இடத்தில் சுர வழியே மேல்.

பிழையை யார் சொல்வது

குரு செய்யும் வேலைகளில் பெரியது பிழையைச் சொல்வது. வீட்டில் அதை யார் செய்வார்கள்?

கிட்டார் சில பிழைகளைத் தானே சொல்லும். விரல் சரியாக அழுந்தாவிட்டால் கம்பி இரையும். பக்கத்துக் கம்பியில் விரல் பட்டால் அது ஊமையாகும். ட்யூனர் கம்பியின் ஸ்ருதியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கார்ட் பாட்டுக்குப் பொருந்துகிறதா என்பதைக் கிட்டார் சொல்லாது. மணிக்கட்டை மடக்கிப் பிடித்துப் பழகினால் வலி வரும்வரை அதுவும் தெரியாது. பாட்டில் நிலைமை வேறு. தம்புராவோடு சட்ஜம் ஒட்டாவிட்டால் உடனே ஓர் உறுத்தல் காதில் வரும். அதைக் கேட்கப் பழகியவருக்கு அதுவே வாத்தியார். ஆனால் கமகம் சரியா, ராக பாவம் சரியா என்பதைத் தம்புரா சொல்லாது, புத்தகமும் சொல்லாது.

தனியாகப் போகக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு என்பதை நான் மதிக்கும் இரு கலைஞர்களின் வாழ்க்கையும் காட்டுகின்றன. பிரசன்னா ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க வேண்டும் என்றபோது திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரியிடமும் கற்றார். மேலை இசைக்காகப் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். கிட்டார் கற்றுத்தரும் கர்நாடக வித்வான் இல்லை என்பதற்காக அவர் நின்றுவிடவில்லை. பாட்டும் வயலினும் தெரிந்தவர்களிடம் கற்றதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் கற்றார். இருவருமே ஒரு வழியோடு நிற்கவில்லை. கோட்பாட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், விரல் பழக்கத்தில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கமகத்துக்கு மட்டும் ஒருநாள் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ரீடேனிங்

எங்கள் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். இந்த வட்டாரத்தில் தோல் பதனிட இரண்டு முறை உண்டு. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது பழைய முறை, வாரக்கணக்கில் ஆகும், தோல் செம்பழுப்பாக, கெட்டியாக வரும். குரோம் உப்பு சேர்த்து டிரம்மில் சுற்றுவது பின்னால் வந்த முறை. ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். தோல் நீலம் பாய்ந்து, மிருதுவாக இருக்கும். ஷூ மேல்தோலுக்குக் குரோம் போட்டதை அப்படியே அனுப்புவதில்லை. மறுபடி பட்டைச் சாறு போன்றவற்றில் சுற்ற விடுவார்கள். அதற்கு ரீடேனிங் என்று பெயர். "குரோம் மட்டும் போட்டா தோல் ஆயிடும்ப்பா. ஆனா கையில பிடிச்சா நிறையாது. ரீடேன் பண்ணினாத்தான் அதுல சதை இருக்கிற மாதிரி வரும்" என்பார் அப்பா.

என் கிட்டாருக்கு நடந்ததும் அதுதான். மூன்று வாரத்தில் மூன்று கார்ட் பிடித்தேன், ஆசை தங்கியது, ஆனால் கையில் நிறையவில்லை. அந்த இரவுக்குப் பிறகு, தெரிந்த ஒவ்வொரு பாட்டையும் மறுபடி சுரத்தில் பாடிப் பார்த்து, ஒரே கம்பியில் தேடி, அதன் மேளத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கார்டை எடுக்கப் பழகினேன். அதற்கு இரண்டு வருடம் ஆனது. நிறைந்தது அப்போதுதான்.

ஆகவே இந்த ஒப்பாய்வின் முடிவாக நான் சொல்வது இது. வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர் கார்டிலேயே தொடங்கட்டும். பாட்டு வாசிக்கும் மகிழ்ச்சியை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் முதல் மாதம் முடிவதற்குள் சுரத்தைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். தினமும் கிட்டாரைக் கையில் எடுத்ததும் ஒரு கம்பியை மீட்டி, அதைச் சட்ஜமாக வைத்து, ஐந்து நிமிடம் வாயால் பாட வேண்டும். பாடிய பிறகே விரல் வைக்க வேண்டும். புதிய கார்ட் ஒன்றைக் கற்றால் அதில் இருக்கும் மூன்று சுரத்தின் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும். புதிய பாட்டு ஒன்றை எடுத்தால் டேப்பைப் பார்க்குமுன் முதல் வரியைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். அதே போல, சரளி வரிசையில் சலித்து நிற்கிறவர் ஒரு கிட்டாரையோ கீபோர்டையோ அருகில் வைத்து, தான் பாடும் சுரத்துக்குக் கீழே ஒரு கார்ட் ஒலித்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும். அவருக்கும் ஆசை திரும்ப வரும்.

அக்கா இப்போது தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். பாமாலையில் நான்கு குரலில் இரண்டாம் குரல் எடுக்கிறாள். கார்ட் என்றால் என்ன என்று அன்று இருட்டில் கேட்டதுதான் அதற்கு ஆரம்பம் என்று சொல்வாள். கீர்த்தனை வரும்போது நான் கூட வாசிக்கிறேன். பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயரைப் பார்த்ததும் எந்தக் கார்டை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிகிறது. எந்தக் கார்டும் பொருந்தாத ராகமாக இருந்தால் நான்காவது கம்பி, மூன்றாவது கம்பி, மறுபடி மூன்றாவது, ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் என்று மீட்டிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அது போதும்.